இரட்டைச் சுமை

விடியற்காலையில் துயிலக வாசலில் போய் நிற்பது அஞ்சலைக்குப் பல் துலக்குவதைப் போல ஆகிவிட்டிருந்தது. ஒரு கையில் சுக்குக் காப்பி பிளாஸ்க், இன்னொரு கையில் ஈரத்துணி. மணி அடித்ததும் கதவு விலகும். அம்மாக்கள் கலைந்த தலையோடு ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். நடுநடுவே ஒன்றிரண்டு அப்பாக்களும் வேட்டியைச் சரிசெய்தபடி வருவார்கள். எல்லோர் நெற்றியிலும், ராத்திரி தூங்கும்போது தலையில் மாட்டிவிடும் தொப்பி ஒட்டியிருந்த களிம்பு பிசுபிசுக்கும். வாசலுக்கு மேலே உள்ள திரையில் கிழமையையும் தேதியையும் படித்துவிட்டு, அதன் பிறகுதான் தன் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தேடுவார்கள். மேட்டுக் கல்லூரியில் படிக்கிற பாதிப் பிள்ளைகளுக்கு நாள் இப்படித்தான் தொடங்கியது.

அம்மா அன்று கடைசியாக வந்தாள். ஈரத்துணியை வாங்கி நெற்றியை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா ராத்திரி சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரும்மா."

"என்ன சாப்பிட்டாரு?"

"நீதானேம்மா செஞ்சு வச்சுட்டு வந்தே. இடியாப்பம்."

"இருமல்?"

"பரவாயில்லம்மா."

இது முழுப் பொய்யுமில்லை, உண்மையுமில்லை. அஞ்சலை ஆய்வுக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் போனபோது அப்பா தூங்கியிருந்தார். கழுவாத தட்டில் இடியாப்பம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வைத்துக் கட்டிய கதை இது.

"தொட்டிக்குத் தண்ணி ஊத்தியாச்சா?" என்று காப்பியைப் பார்த்துச் சிரித்தாள் துயிலகத்தைக் கவனித்துக்கொள்ளும் பெர்னதெத் அக்கா. பிள்ளைகளுக்காகத் தூங்க வருகிறவர்களுக்குக் கல்லூரி அழகாக 'பதியத் துணை' என்று பெயர் வைத்திருந்தது. அவர்களோ தங்களைப் பூந்தொட்டி என்று சொல்லிக்கொண்டார்கள்.

"ஊத்தியாச்சு. செடிதான் வளரணும்," என்று அம்மா அஞ்சலையின் தலையில் செல்லமாகத் தட்டினாள். இதே கேள்விக்கு இதே பதிலை அவள் நேற்றும் சொன்னாள், அதற்கு முந்தைய நாளும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அப்போதுதான் வாயில் வந்தது போலச் சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

ரோஜாக் கிளையை வளைத்துத் தொட்டி மண்ணில் புதைத்து, வேர் விட்டதும் அறுத்தெடுத்து வேறு இடத்தில் நடுகிறோம் இல்லையா, மூளைப் பதியமும் அதே வேலைதான். பகலில் படித்தது மனிதனுக்குள் ஊன்றுவது தூக்கத்தில். ஒருவருடைய ஒரு ராத்திரித் தூக்கம் நாலு பாடத்தைத்தான் தாங்கும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் இன்னொருவர் தூக்கம் வேண்டும். அந்த இன்னொருவரும் ரத்த உறவாக இருக்க வேண்டும், வேற்று மண்ணில் வேர் பிடிப்பதில்லை. பிள்ளை பகலில் கேட்ட பாடத்தை ராத்திரியில் பெற்றவள் தலைக்குள் இறக்குவார்கள். அங்கே அது வேர்விட்டு, பருவத்தின் கடைசியில் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பிள்ளையிடம் வந்து சேரும். இதில் ஒரே ஒரு சங்கடம். பெற்றவளுக்கும் ஒரு பகல் இருக்கிறது. அதுவும் ஊன்றுவதற்கு அதே தூக்கத்தைத்தான் நம்பியிருக்கிறது.

இதெல்லாம் தெரியாமல் செய்த காரியம் இல்லை. சுமை நாளன்று, எத்தனை பாடம் எடுப்பது என்று எழுதிக் கொடுக்கிற அந்த நாளில், சுமை அலுவலர் புட்டுப் புட்டு வைத்தார். மெல்லப் பேசுகிற பெண்மணி. குடும்பத்தோடு வந்தால்தான் கையெழுத்து வாங்குவார்.

"ஒற்றைச் சுமைன்னா நாலு பாடம். பொண்ணோட தூக்கமே போதும். நாலு வருஷத்துல பட்டம். ஒன்றரைச் சுமைன்னா அம்மாவோட தூக்கத்துல பாதி வேணும். இரட்டைச் சுமைன்னா முழுசும் வேணும், ரெண்டே வருஷத்துல முடிச்சிடலாம். ஆனா அந்த ரெண்டு வருஷம் உங்ககிட்ட இருக்காதும்மா. காலையில எழுந்தா முந்தின நாள் போயிருக்கும்."

"சமையலெல்லாம் மறந்துடுமா?" என்று அம்மா கேட்டாள்.

"மறக்காது. வழக்கம் தங்கும், சம்பவம் தங்காது. தினமும் நடக்கிறது மெல்ல உள்ள இறங்கிடும். ஒரு தடவை நடந்தது போயிடும்."

அம்மா சிரித்துவிட்டாள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எங்க வீட்டுல அப்படி என்ன பெரிய சம்பவம் நடந்துடுச்சு? இரட்டையே போடுங்க."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் பக்கத்து நாற்காலியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கடல் சிதம்பரம் வரை வந்து திரும்பிப் போன பிறகு, அது விட்டுப்போன வயல்களிலிருந்து காற்றில் உப்புப் புழுதி கிளம்பிக்கொண்டே இருந்தது. அந்தப் புழுதிச் சாலையில் பேருந்து நடத்துநராக இருந்தவர் அப்பா. பேருந்தை ஓட்ட ஆள் வேண்டாம் என்று ஆன பிறகும் நடத்துநரை மட்டும் யாராலும் நீக்க முடியவில்லை. இடத்துக்கு அடித்துக்கொள்கிறவர்களை விலக்கிவிட ஒரு மனிதன் வேண்டியிருந்தது. அப்படி விலக்கி விலக்கி, கத்திக் கத்தி, அவர் நுரையீரலில் உப்பு ஏறிவிட்டது. இரண்டு வருஷம் தாங்கினால் பெரிய விஷயம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நாலு வருஷப் படிப்பை அவர் பார்க்க முடியாது, இரண்டு வருஷப் படிப்பைப் பார்க்கலாம். அம்மாவும் மகளும் வீட்டிலேயே பேசி முடித்துக்கொண்டு வந்த கணக்கு அது.

"நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்று அலுவலர் அப்பாவைக் கேட்டார்.

அப்பா மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சம்.

"அவங்க இஷ்டம்," என்றார்.

ஓட்டலுக்குப் போகலாமா என்றாலும், கல்யாண வீட்டுக்குப் போகலாமா என்றாலும் அப்பா இஷ்டம் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்கவில்லை என்பது அந்த வீட்டில் சின்ன வயதிலிருந்தே அஞ்சலைக்குத் தெரியும். அம்மாவுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் அவருக்காகத்தானே செய்கிறோம் என்ற நினைப்பில் இருவரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் மறுத்துப் பேச ஆரம்பித்திருந்தால், தான் சீக்கிரம் போகப்போவதைப் பற்றி அந்த மேஜை முன்னால் பேச வேண்டியிருந்திருக்கும். அந்தப் பேச்சை மூன்று பேருமே தவிர்த்தார்கள்.

கல்லூரிக்குப் பின்னால் குடும்பக் குடியிருப்பில் ஓர் அறையும் சமையலறையும் கிடைத்தது. முதல் பருவத்தில் எல்லாம் வேடிக்கையாகவே போயிற்று. தன்னிடம் உள்ள ஒரே ஒரு ஜோக்கை வைத்துக்கொண்டு இரண்டு வருஷத்தை ஓட்டிவிடலாம் என்று அப்பா கண்டுபிடித்தார். பேருந்தில் ஒருவன் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அது என் மச்சான் பையன் என்று சாதித்த கதை. தினமும் சொல்வார். தினமும் அம்மா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். "பாத்தியா அஞ்சு, உங்கம்மா இப்பத்தான் புதுசா கட்டிக்கிட்டு வந்தவ மாதிரி இருக்கா," என்பார். அஞ்சலைக்கும் சிரிப்பு வரும். ஒரு வாய் சோற்றை விழுங்கிவிட்டு வகுப்புக்கு ஓடுவாள்.

அம்மாவின் நாளைப் படம் பிடித்து வைக்க மார்பில் குத்திக்கொள்ளும் ஒரு சின்னக் கண்ணைக் கல்லூரியே கொடுத்திருந்தது. அம்மா சில நாள் குத்திக்கொண்டாள். மறுநாள் அதைப் போட்டுப் பார்த்தால் பக்கத்து வீட்டுக் கல்யாண வீடியோ மாதிரி இருக்கிறது என்றாள். அப்பாவுக்கோ அதைக் கண்டாலே எரிச்சல். "போகப்போறவன்னு சொல்லிப் படம் புடிக்கிற மாதிரி இருக்கு, தூக்கி உள்ள வை," என்று சொல்லிவிட்டார். அம்மா உள்ளே வைத்துவிட்டாள்.

இரட்டைச் சுமை என்றால் எட்டுப் பாடம். கடற்சுவர்ப் பொறியியலில் அலையின் எடை, மண்ணின் பிடி, உப்பு தின்னாத கான்கிரீட் என்று காலையிலிருந்து இருட்டும் வரை தலை நிமிர நேரமில்லை. தன் நாலு பாடம் தன் தூக்கத்தில், மற்ற நாலு அம்மாவின் தூக்கத்தில். பருவ இறுதியில் பெயர்ப்பு நடக்கும்போது, தான் சரியாகக் கேட்காத ஒரு பாடம்கூட அம்மாவின் தலையில் ஒழுங்காக வேர்விட்டு வந்து சேர்வதைப் பார்த்து அஞ்சலைக்கு ஆச்சரியமாக இருக்கும். இரண்டு பருவமும் வகுப்பில் முதலாவதாக வந்தாள். அப்பா படுக்கையிலிருந்தபடியே கை தட்டினார். கை தட்டியதற்கு மூச்சு வாங்கினார்.

மூன்றாம் பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அம்மா காய்கறி வாங்கப் போயிருந்தாள். அஞ்சலை மடியில் பாடத்திரையை வைத்துக்கொண்டு அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். இருமி முடித்துவிட்டு அப்பா கூரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

"நேத்து உங்கம்மாகிட்ட ரொம்ப நேரம் பேசினேன், அஞ்சு."

"ம்."

"இத்தனை வருஷமா அவகிட்ட சொல்லாத ஒண்ணைச் சொன்னேன். சொல்லலாமா வேணாமான்னு எத்தனையோ நாள் யோசிச்சு வச்சிருந்தது. கேட்டுட்டு அழுதா. அப்புறம் என் கையைப் புடிச்சுக்கிட்டா. சாயந்தரம் துயிலகத்துக்குக் கிளம்புற வரைக்கும் விடவே இல்ல." அவர் நிறுத்தி மூச்செடுத்தார். "இன்னைக்குக் காலையில வந்து, ராத்திரி இருமுனீங்களான்னு கேக்குறா."

அஞ்சலை திரையிலிருந்து தலையைத் தூக்கினாள். "மறுபடி சொல்லுங்கப்பா."

"சிலதெல்லாம் ஒரு தடவைதாண்டி சொல்ல வரும்."

அப்பா மெல்ல அவள் பக்கம் திரும்பினார். எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பழகாத மனிதர் அவர்.

"ஒன்றரைக்கு இறக்கிக்க முடியாதா அஞ்சு? பாதித் தூக்கமாச்சும் அவளுக்கு இருக்கட்டுமே. நான் யார்கூட இருக்கேன்னே எனக்குத் தெரியல. அவ இருக்கா, ஆனா அவளுக்குள்ள நான் தங்க மாட்டேங்குறேன்."

"இப்ப இறக்கினா இந்தப் பருவமே போயிடும்பா. அம்மாகிட்ட இருக்குற நாலும் பட்டுப்போயிடும். அடுத்த மாசம் பெயர்ப்பு. அது முடிஞ்சதும் பாக்கலாம்பா. நீங்க பட்டமளிப்புக்கு வர வேணாமா?"

"வரணும், வரணும்," என்றார் அப்பா. கையை நீட்டி அவள் தலையைத் தொட்டார். "சரி, நீ படி."

அவள் படித்தாள். அதுதான் நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் படித்த பக்கம் எது என்று கேட்டால் வரி பிசகாமல் இன்றைக்கும் சொல்லுவாள், அப்பாவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று கேட்டால் தெரியாது.

பெயர்ப்புக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கையில் அப்பா போய்விட்டார். காலை வகுப்பு நடுவில் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. "வாடி," என்ற ஒரு சொல்தான். அஞ்சலை ஓடிப் போனபோது அம்மா கட்டிலில் ஏறி உட்கார்ந்து அப்பாவின் தலையை மடியில் வைத்திருந்தாள். மூச்சுக் கவசத்தைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். அது போட்டிருந்த தடம் அவர் கன்னத்தில் இருந்தது. அம்மா அதைத் தேய்த்துத் தேய்த்துப் போக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உப்புக் காற்று நாளில் உடலை வைத்திருக்க மாட்டார்கள். பிற்பகலிலேயே தகனம் முடிந்தது. வந்திருந்த சொந்தக்காரர்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பினார்கள். வீட்டைக் கழுவிவிட்டு அம்மாவும் மகளும் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தபோது பெர்னதெத் அக்கா வந்தாள். துயிலகம் திறக்கிற வேளை அது. கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். ஒரு ராத்திரி தவறினாலும் பதியம் காய்ந்துவிடும் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அம்மாதான் முதலில் எழுந்தாள். "நேரமாயிடுச்சில்ல? வா, போகலாம்."

"எங்கம்மா?"

"படுக்கத்தான். உங்கப்பா உயிரைப் புடிச்சுக்கிட்டிருந்தது எதுக்கு? நீ முடிக்கிறதைப் பாக்கத்தானே?" அம்மாவின் குரல் கெட்டியாக இருந்தது. பிறகு அந்தக் குரல் உடைந்தது. "அதோட, இன்னைக்குத் தொப்பியை வச்சுக்கிட்டா நாளைக்கு இது எனக்கு இருக்காது இல்ல? உனக்குப் பாடம் தங்கும், எனக்கு இது தங்காது. ரெண்டு பேருக்கும் நல்லதுதானே. என்னைக் கூட்டிட்டுப் போடி."

அஞ்சலை அம்மாவிடம் இருந்த நாலு பாடத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தாள். ஒரு நிமிஷம் யோசித்தாள். ஆனால் அவள் கண்ணில் வந்து நின்றது மறுநாள் காலை. கதவு விலகும். அம்மா திரையில் கிழமையைப் படித்துவிட்டு இவளைத் தேடுவாள். ஈரத்துணியை வாங்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டே அப்பா சாப்பிட்டாரா என்று கேட்பாள். அப்போது சொல்ல வேண்டும். மறுநாளும் சொல்ல வேண்டும். எத்தனை காலையில் சொன்னால் ஒரு சாவு வழக்கமாகி உள்ளே இறங்கும்? அது ஊன்றுகிற வரைக்கும் அம்மா எத்தனை தடவை புதிதாகத் தாலியறுக்க வேண்டும்?

"இன்னைக்கு அம்மா வர மாட்டாங்கக்கா," என்றாள் பெர்னதெத்திடம்.

"நல்லா யோசிச்சியா, பாப்பா? காய்ஞ்சதைத் திரும்ப உயிர்ப்பிக்க முடியாது."

"யோசிச்சுட்டேன்."

அம்மா அவளை அடிக்க வந்தாள். நிஜமாகவே கை ஓங்கினாள். அப்புறம் அந்தக் கையாலேயே அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வீடு அதிர அழுதாள். அன்று ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து அவள் தன் பாயில், தன் தூக்கத்தைத் தூங்கினாள்.

காலையில் அம்மா எதுவும் கேட்கவில்லை. எழுந்து, வெறும் கட்டிலைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது.

அம்மாவிடம் ஒரு நாள் தங்கியது, சரிதான். ஆனால் அந்த ஒரு நாள் மட்டும்தான் தங்கியிருந்தது என்பது மெல்ல மெல்லத்தான் இருவருக்கும் புரிந்தது. அதற்கு முந்தைய வருஷத்தில் எதுவுமில்லை. கணவனோடு கழித்த கடைசி வருஷம் முழுவதிலும் அம்மாவின் கையில் இருந்தது அவர் செத்த நாள். அன்றைக்குக் காலையிலிருந்தே மூச்சுக் கவசம் போட்டிருந்ததால் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அஞ்சலை நல்லது என்று நினைத்து மீட்டுக் கொடுத்தது அதைத்தான்.

அம்மா கேட்க ஆரம்பித்தாள். பாத்திரம் விளக்கும்போது கேட்பாள், தலை வாரும்போது கேட்பாள்.

"நான் அவரை நல்லாப் பாத்துக்கிட்டேனா?"

"பாத்துக்கிட்டம்மா."

"எரிஞ்சு எதாச்சும் விழுந்தேனா? எனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காதே."

"இல்லம்மா."

"நீ எங்க இருந்தே, பாக்குறதுக்கு?"

கோபித்துக் கேட்கவில்லை அம்மா, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்த வருஷத்தைப் பார்த்தவர்கள் மூன்று பேர். ஒருவர் போய்விட்டார். ஒருத்தியிடம் அது எழுதப்படவே இல்லை. மூன்றாமவள் வகுப்பில் இருந்தாள். அஞ்சலை தனக்குத் தெரிந்த ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லிப் பார்த்தாள். அம்மா கவனமாகக் கேட்டுவிட்டு, "அதுக்கு நான் சிரிச்சேனா?" என்றாள். தினமும் சிரித்தாய் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த மார்புக் கண்ணைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தாள். சில நாள் சமையலும், அதைத் தூக்கி உள்ள வை என்ற அப்பாவின் அதட்டலும்தான் இருந்தன.

அடுத்த சுமை நாள் வந்தது. அதே மேஜை, அதே அலுவலர். அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியை மட்டும் யாரோ முன்கூட்டியே எடுத்துவிட்டிருந்தார்கள். அஞ்சலை வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "இரட்டைச் சுமைங்க."

அலுவலர் தயங்கினார். "இப்ப அவசரம் ஒண்ணுமில்லையேம்மா."

"அவசரம் இல்லைங்க. எனக்கு என் தூக்கத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியல. எழுந்திரிக்கிறேன், நேத்து இருக்கு. அதுக்கு முந்தின நாளும் இருக்கு. எல்லாத்துலயும் அவர் இல்ல. எனக்கு எதுக்குங்க இது? இவளுக்காச்சும் உதவட்டும்."

"எத்தனை பாடம் எடுக்கணும்னு நான்தானே மேடம் சொல்லணும்?" என்றாள் அஞ்சலை. "ஒற்றைச் சுமை. நாலு பாடம் போதும்."

அம்மா விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"உனக்கு என் மேல என்னடி கோவம்?" என்றாள். "அன்னைக்கும் என்னைப் படுக்க விடல. இன்னைக்கும் விட மாட்டேங்குற. இருக்குற ஒரே நாளை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்ணட்டும்?"

அஞ்சலை அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். சொல்லக் கூடாது என்று நினைத்திருந்ததுதான். சொன்னால் அம்மா தன்னை மன்னிக்க மாட்டாள் என்ற பயத்தில் உள்ளுக்குள் வைத்துப் பூட்டியிருந்தது. ஆனால் அந்த வருஷத்திலிருந்து அம்மாவுக்குக் கொடுப்பதற்கு வேறு எதுவும் அவளிடம் இல்லை.

"அப்பா கேட்டாரும்மா."

"என்ன கேட்டாரு?"

"ஒன்றரைக்கு இறக்கச் சொன்னாரு. பாதித் தூக்கமாவது உனக்கு இருக்கட்டும்னாரு. நான்தான் மாட்டேன்னேன். பருவம் முடியட்டும்னேன்."

வெளியே காற்று உப்பை அள்ளி ஜன்னல் கண்ணாடியில் போட்டது.

"வேற?"

"அப்படிக் கேட்டதுக்கு முந்தின நாள் உன்கிட்ட ரொம்ப நேரம் பேசினாராம். இதுவரைக்கும் சொல்லாத ஏதோ ஒண்ணைச் சொன்னாராம். நீ அழுதியாம். சாயந்தரம் வரைக்கும் அவர் கையை விடவே இல்லையாம்."

"என்னடி சொன்னாரு?"

"எனக்குத் தெரியாதும்மா. உன்கிட்டதான் சொன்னாரு."

அம்மா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கைகளிடம் கேட்டால் தெரிந்துவிடும் என்பது போல வெகுநேரம் பார்த்தாள். அஞ்சலையை அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"ஒன்றரைக்கு இறக்கச் சொன்னப்போ எப்படிச் சொன்னாரு? அவர் சொன்னபடியே சொல்லு. நீயா எதுவும் சேக்காத."

முகம் நினைவில் இல்லாவிட்டாலும், பாதி காதில் வாங்கிய அந்தச் சொற்கள் அஞ்சலைக்குள் எப்படியோ ஊன்றியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள்.

"நான் யார்கூட இருக்கேன்னே எனக்குத் தெரியல. அவ இருக்கா, ஆனா அவளுக்குள்ள நான் தங்க மாட்டேங்குறேன்."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். அம்மா அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நடு மதியம், வெளிச்சத்தில் கண் கூசியது.

"ஜன்னலைச் சாத்து," என்றாள். "நான் இப்பவே தூங்கணும். தூங்கினாத்தானே தங்கும்?"

அஞ்சலை ஜன்னலைச் சாத்தினாள். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள். தூக்கம் வருவதாக இல்லை. இருட்டில் அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.